நாலு பெட்டி பாக்கி

கையை எடுத்துவிட்டேன். எடுத்தே விட்டேன். இரண்டு ஜாய்ஸ்டிக்கிலிருந்தும் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், நெஞ்சு அடிக்கிற அடியில் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை துள்ளுகிறது, நிஜமாகவே துள்ளுகிறது, என் போட்டோ மேலே போகிறது, கீழே வருகிறது, பிலோமினா, கிரேன் ஆபரேட்டர், ஒப்பந்தப் பணி, மேலே, கீழே. பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில் தொங்குகிற இந்தக் கண்ணாடிக் கூண்டுக்குத் தரையும் கண்ணாடிதான், என் இரண்டு பாதத்துக்கும் நடுவில் பார்த்தால் கீழே டிரெய்லர் மேல் அந்த நீலக் கன்டெய்னர் பெட்டி, அதற்குப் பின்னால் வரிசையாக இன்னும் மூன்று டிரெய்லர், மூன்று நீலப் பெட்டி, இந்தப் பக்கம் கப்பல், வெங்காயமும் டைல்ஸும் மருந்தும் எல்லாம் ஏறி முடித்து நிற்கிற கப்பல், ரங்கூனுக்குப் போகிற கப்பல். வாக்கிடாக்கியில் சாரங்கபாணி சார், எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர், நல்ல குரல் அவருக்கு, கோபமே வராத குரல். "பிலோமினா, நாலு பெட்டி பாக்கி. சட்டுனு முடிச்சுடும்மா, கப்பல வெளிய எடுக்கற பைலட் வந்தாச்சு, கிளம்பணும்." நான் வாக்கியை எடுத்தேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது, மனிதநேயம் என்று ஒரு சொல்கூட அதில் வந்தது, பட்டனை அழுத்தினதும் அத்தனையும் ஓடிப்போய்விட்டது. "சார், இந்த நாலையும் நான் தூக்க மாட்டேன் சார்." அவ்வளவுதான் வந்தது. குரல் எலி மாதிரி இருந்தது, இருந்தாலும் வந்துவிட்டது, வெளியே போய்விட்டது, இனிமேல் திரும்ப விழுங்க முடியாது, அட, எவ்வளவு சுலபம், ஒரு பட்டனை அழுத்திச் சொல்லிவிட்டு விரலை எடுத்துவிட்டால் போதும், ஏன் யாரும் இதை முன்னாலேயே எனக்குச் சொல்லவில்லை.

சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாது. பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, ராட்டினம் உச்சியில் நின்று இறங்கப் போகிற நொடி மாதிரி, அந்த நொடி இறங்காமல் நின்றுகொண்டே இருக்கிற மாதிரி. போன வாரம் யூனியன் ஆபீஸில் கை தூக்கினபோதும் இப்படித்தான் இருந்தது. நான் யூனியன் ஆளே இல்லை, ஒப்பந்த ஆளுக்கு யூனியன் கிடையாது, வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் போனேன். கஃபூர் பாய் பேசினார், செயலாளர், பெட்டிகளைக் கப்பலில் கட்டுகிற வேலையில் ஒரு விரலைக் கொடுத்தவர், மிச்ச நாலு விரலை விரித்துக் காட்டி, "நாலே நாலு பொட்டிம்மா. மேல மெஷின் பார்ட்ஸுன்னு எழுதிக்கிறான். உள்ள பர்மா மிலிட்டரி ஃபைட்டர் பிளேனுக்கு உண்டான சாமான்," என்றார். ஐரோப்பாவில் எங்கோ ஒரு துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் கண்டுபிடித்துச் சொன்னதாம், அவர்கள் தொட மாட்டோம் என்றதும் வேறு இடத்தில் ஏற்றி, சுற்றி வளைத்து, இங்கே எங்கள் தலையில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். பக்கத்தில் ஒரு பர்மாக்காரர் நின்றார், கப்பல் மாலுமி, ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஊருக்குத் திரும்ப முடியாமல் போனவர், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்தவர் மாதிரி. அவர் சொல்லச் சொல்ல, வியாசர்பாடியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறவர் ஒருவர் தமிழில் சொன்னார். நீண்ட பேச்சு இல்லை. எங்களுக்காக நீங்கள் சண்டை போட வேண்டாம். ஊர்வலம் போக வேண்டாம். தூக்காமல் இருங்கள், அது போதும். தூக்காமல் இருங்கள். அந்தச் சொல் என் மண்டையில் எங்கேயோ மாட்டிக்கொண்டது, ஏனென்றால் அந்த அறையில் நிஜமாகவே தூக்குகிறவள் நான் ஒருத்திதான், மற்றவர்கள் கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள், எண்ணுவார்கள், தூக்குவது நான். யூனியன் மொத்தமும் தொட மாட்டோம் என்று உட்கார்ந்தாலும் நான் தூக்கினால் பெட்டி ஏறிவிடும். வாசலில் நின்றவள் உள்ளே எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, கை மேலே இருந்தது. கஃபூர் பாய் பார்த்து, "யம்மா, நீ காண்ட்ராக்ட்டு, ரோசனை பண்ணிக்கோ," என்றார். தெரியும் பாய் என்றேன். தெரியாது, எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியும் என்று சொன்னது என் வாய், தூக்கினது என் கை, நான் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அது பொய். எனக்குத் தெரியும். இன்னாசியைத் தெரியும் இல்லையா. என் தம்பி இன்னாசி, இதோ வடக்கே திரும்பினால் காசிமேடு தெரிகிறது, படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு, அங்கேதான் எங்கேயாவது வலை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பான், அங்கிருந்துதான் அன்றைக்குப் போனான், அவனும் இன்னும் மூன்று பேரும், இன்ஜின் நின்று, வயர்லெஸ் போய், காற்று கிழக்கே தள்ளிக்கொண்டே போய், இங்கே நாங்கள் கோயிலில் அவனுக்காக இறந்தவர் பூசையே வைத்துவிட்டோம், அம்மா அவன் சட்டைகளைத் துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்து ஒரு போன். "அக்கா, நான்தான். பர்மால கீறேன்." பர்மாவில் இருக்கிறேன் என்கிறான், பக்கத்துத் தெருவில் இருக்கிறேன் என்கிற மாதிரி. ஐராவதி ஆறு கடலில் வந்து விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடி கிராமம், அந்த ஜனங்கள் படகைப் பார்த்துவிட்டு நீந்திப் போய் இழுத்து வந்திருக்கிறார்கள், டோ ப்யூ என்று ஒரு அம்மா, கருவாடு காயப் போடுகிறவர், இவன் வாயில் கஞ்சியை ஸ்பூனால் ஊற்றி ஊற்றி, ஒரேயடியாகக் கொடுத்தால் செத்துவிடுவான் என்று தெரிந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தினமும் காலையில் வந்து கேட்பாராம், சாப்பிபிலா, சாப்பிபிலா. இன்னாசி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "சாப்டியான்னுதான்க்கா கேக்குது! அவங்க பாஷைலயும் அதேதான்! நான் தலைய ஆட்னேன், அது அழுவுது, ஊரே அழுவுது." திரும்பி வந்தவன் குண்டாக வந்தான். சாகப் போனவன் கன்னம் உப்பி வந்தான். அப்புறம் ஒரு நாள் அவன் போனில் ஒரு படம், அந்தக் கிராமத்துப் பையன் ஒருத்தன் அனுப்பினது, கருவாடு காயப் போடுகிற மூங்கில் பரண்கள் மட்டும் நிற்கின்றன, வீடு ஒன்றும் இல்லை, மேலேயிருந்து ராணுவம் குண்டு போட்டதாம், கலகக்காரர்களுக்குச் சோறு போட்ட ஊராம். சோறு போட்ட ஊர்தான். அதில் என்ன சந்தேகம், அது சோறு போட்ட ஊர்தான், யார் வந்தாலும் போடுகிற ஊர். டோ ப்யூ என்ன ஆனார் என்று தெரியவில்லை. அந்தப் பையன் அப்புறம் பதில் போடவே இல்லை. இன்னாசி இன்றைக்கும் தினம் ஒரு தடவை, அங்கே இருக்கியா என்று தமிழிலேயே எழுதி அனுப்புகிறான், அவனுக்குத் தமிழ் தெரியாதடா என்றால், "தெரிஞ்சவன் எவனாச்சும் பக்கத்துல இருப்பான்க்கா," என்கிறான்.

"பிலோமினா." சாரங்கபாணி சார் திரும்பவும். "கேக்குதா? உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? நீ யூனியனும் இல்ல." கேட்கிறது சார். "கம்பெனிலேருந்து பேசறாங்க. நான் உனக்காகப் பேசிட்டு இருக்கேன். ஒரு பத்து நிமிஷ வேலை." அதுதான் சார், பத்து நிமிஷ வேலைதான், எனக்கு அதுகூட ஆகாது, பெட்டியைக் கவ்வுகிற ஸ்ப்ரெடரை இறக்கி, நாலு மூலையும் உட்கார்ந்து, பச்சை விளக்கு எரிந்து, லாக், தூக்கு, ட்ராலியை ஓட்டு, இறக்கு, தூங்கிக்கொண்டே செய்வேன். லாக். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற அந்தப் பட்டன், தேய்ந்து வழவழப்பாகி, கட்டைவிரல் அதன் மேல் போய் உட்காரத் துடிக்கிறது, பழக்கம், பாழாய்ப்போன பழக்கம், ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வேலை போனால் என்ன? போனால் போகட்டும். போனால் அம்மாவின் சர்க்கரை மாத்திரை. போனால் இன்னாசியின் பங்குப் படகு, பணம் பாதிதான் கட்டியிருக்கிறான். போனால், இந்தத் துறைமுகத்தில் முதல் பொம்பளை ஆபரேட்டர் என்று பேப்பரில் போட்டார்களே, அந்தப் பேப்பரை மடித்து என்ன செய்வது. போகட்டும் என்று நினைத்து முடிப்பதற்குள் போகக் கூடாது என்று வருகிறது, ஐயோ இரண்டும் ஒன்றை ஒன்று துரத்துகின்றன, இதற்கு நடுவில் ஒண்ணுக்கு வருகிறது. இப்போதா! மாதாவே, இப்போதா வர வேண்டும். இறங்க முடியாது, இறங்கினால் அவ்வளவுதான், லிஃப்டில் வேறு கப்பலிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து ஏற்றிவிடுவார்கள், கஃபூர் பாய் சொன்ன ஒரே யோசனை அதுதான், "சீட்ட விட்டு எந்திரிக்காத. நீ உள்ள கீற வரைக்கும் அது உன் கிரேன்." கதவை உள்பக்கம் தாழ் போட்டாயிற்று. முட்டியை முட்டியோடு சேர்த்து உட்கார்கிறேன். சரித்திரத்தில் யாராவது ஒருத்தர் இப்படி முட்டியைச் சேர்த்துக்கொண்டு ஒரு சர்வாதிகாரியை எதிர்த்திருப்பார்களா, இருப்பார்கள், கட்டாயம் இருப்பார்கள், யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

கீழே யூனியன் ஆட்கள் கரையோரமாக உட்கார்ந்துவிட்டார்கள், மஞ்சள் தொப்பிகள், ஒருத்தர் மேலே பார்த்துக் கை ஆட்டுகிறார், கஃபூர் பாயாகத்தான் இருக்கும், நானும் ஆட்டுகிறேன், தெரியுமோ தெரியாதோ. அப்போது மணி அடிக்கிற சத்தம் கேட்டது. டிங் டிங் டிங். கிரேன் தண்டவாளத்தில் நகரும்போது அடிக்கிற மணி. என் கிரேன் நகரவில்லை. அப்படியானால். திரும்பிப் பார்த்தேன், வலது பக்கம், இதே கப்பலின் முன்பக்கத்தில் வேலை முடித்து நின்றிருந்த இரண்டாம் நம்பர் கிரேன் என்னைப் பார்த்து வருகிறது. தணிகாசலம் அண்ணன். எங்கள் இரண்டு பேரைத் தவிர இந்தக் கப்பலுக்கு ஆபரேட்டர் கிடையாது, நான் மாட்டேன் என்றால் அவர், அவரும் ஒப்பந்தம்தான், நேற்றே போய்ப் பேசினேன், டீக்கடையில், அவர் டம்ளரை வைத்துவிட்டு, "என்ன இதுல இழுக்காத பிலோ. ரெண்டு பொண்ணுங்க காலேஜ் படிக்குதுங்க. உனக்கு உன் தம்பி விசயம், நீ பண்ற. எனக்கு அங்க யாரு கீறா?" என்றார். நியாயம்தானே. நியாயம்தான், ஆனால் டிங் டிங் டிங், அந்த நியாயம் தண்டவாளத்தில் வருகிறது, அத்தனை பெரிய இரும்பு, மெதுவாக, நடக்கிற வேகத்தில், சாரங்கபாணி சார் வாக்கியில் அவரிடம், "வா வா தணிகா, இன்னும் கொஞ்சம், அவ கிரேன்ல இடிக்காம நிறுத்திக்க," கீழே டிரெய்லர்களை அவர் பக்கமாக ஓட்டச் சொல்கிறார்கள், ஓட்டுகிறார்கள், முதல் நீலப் பெட்டி என் பாதத்துக்குக் கீழேயிருந்து நழுவிப் போகிறது, நான் கண்ணாடித் தரையில் அதைத் துரத்திக்கொண்டு பார்க்கிறேன், போய்விட்டது, என் கால் பெருவிரலைத் தாண்டிப் போய்விட்டது. என் கிரேனை நகர்த்தி மறிக்கலாமா? கூடாது, இடித்தால் கீழே ஆட்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் இல்லை, இருக்கிறது, பார்க்கலாம், அவரைப் பார்க்கலாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவருடைய கூண்டு என் கூண்டுக்கு நேராக வந்து நின்றது. இரண்டு கண்ணாடி, நடுவில் வெறும் காற்று, தெருவின் இந்த வீட்டு மாடிக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் இருக்கிற தூரம். அவர் வெள்ளை மீசை தெரிகிறது. நான் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டினேன். அண்ணே. கேட்காது. அண்ணே, அண்ணே, அண்ணே. அவர் ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார், அப்புறம் கீழே குனிந்துகொண்டார், ஸ்ப்ரெடர் இறங்கியது, நான்கு கயிறும் நீண்டு நீண்டு இறங்கின, அழகாக இறக்குவார் தணிகாசலம் அண்ணன், ஆடாமல் அசையாமல், நீலப் பெட்டியின் மேலே, நேராக, மேலே, ஒரு சாண் இருக்கும், அங்கே நின்றது. நின்றது. உட்கார்த்துவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு நொடி நிறுத்துவோம், ஆட்டம் அடங்க. ஒரு நொடி. இன்னொரு நொடி. கீழே மஞ்சள் தொப்பிகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டன. "தணிகா, லாக் பண்ணு," என்றது வாக்கி. "தணிகா, கேக்குதா, லாக் பண்ணு." ஒன்றும் நடக்கவில்லை, ஒரு காக்கை வந்து ஸ்ப்ரெடரின் மூலையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தது, பட்டனை அழுத்துவது என் கட்டைவிரல் என்கிற மாதிரி அதை நான் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் குரல் வந்தது, சாவகாசமாக, வெற்றிலை போட்ட வாய் மாதிரி. "சார், எனக்குப் பொட்டி தெரியல சார்." "என்னய்யா தெரியல? கண்ணுக்கு நேரா நீலமா நிக்குது!" "வயசாயிடுச்சு சார். மத்த பொட்டிலாம் நல்லா தெரியுது. இந்த நாலு மட்டும் இன்னான்னு தெரியல, கண்ணுக்கே புலப்படல." காக்கை பறந்தது. ஸ்ப்ரெடர் மேலே வந்தது, வெறுமையாக, கயிறு சுருண்டு சுருண்டு, வெறுமையாக மேலே வந்தது!

நான் கத்தினேன். கண்ணாடிக் கூண்டுக்குள் தன்னந்தனியாகக் கத்தினேன், கீழே அவர்கள் கத்துவது இங்கே வரைக்கும் கேட்டது, சாரங்கபாணி சார் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார், ஒழுங்கு நடவடிக்கை, இரண்டு பேரும் நாளையிலிருந்து உள்ளே கால் வைக்க வேண்டாம், எல்லாம் காதில் விழுந்தது, எல்லாம் நிஜம், நாளைக்கு இது வலிக்கும், தெரியும், ஆனால் இப்போது தணிகாசலம் அண்ணன் ட்ராலியைப் பின்னால் கொண்டுபோகிறார், அவருடைய பூம், கடல் பக்கம் நீட்டியிருக்கும் அந்த நீளக் கை, எழும்புகிறது, வேலை முடிந்தது என்று கப்பலுக்குச் சொல்கிற மாதிரி எழும்புகிறது, நானும் மடியிலிருந்து கையை எடுத்து என்னுடையதை எழுப்பினேன், இரண்டு கிரேனும் வானத்தைப் பார்த்து. கப்பல் எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு நாள் நின்றால் எத்தனை நஷ்டம், காத்துக்கொண்டிருக்காது, கயிறு அவிழ்த்தார்கள், டக் படகு இழுத்தது, கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் ஒரு கோடாகத் தெரிந்து, அகன்று, இன்னும் அகன்று. பின்பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஒரு மாலுமி தொப்பியைக் கழற்றி மேலே பார்த்தான், எந்த ஊரோ, பர்மாக்காரனோ பிலிப்பைன்ஸ்காரனோ, பார்த்துக்கொண்டே போனான். நான் இன்னாசிக்குப் போன் போட்டேன். ஏலம் போடுகிற கூச்சல் பின்னால். "ஏத்தலடா." "இன்னாது?" "ஏத்தல. கப்பல் போய்ட்ச்சு. நாலும் கீழதான் கீது." அப்புறம் யாரிடமோ சொல்கிறான், இன்னும் யாரிடமோ, அப்புறம் ஏலக்காரனின் குரல் நின்றுபோனது, அத்தனை கூச்சலும் அப்படியே நின்று, இன்னாசி மட்டும் கத்துகிறான், எங்க அக்கா, எங்க அக்கா என்று, அதற்கு மேல் ஒரு வாக்கியமும் அவனுக்கு வரவில்லை. டோ ப்யூ இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், இந்த நாலு பெட்டியிலிருந்து ஒன்றும் அவர் தலைக்கு மேலே பறக்கப் போவதில்லை. வேறு பெட்டி வரும். வரட்டும், அதற்கும் தூக்க ஒரு கை வேண்டும்தானே.

கீழே இறங்கினதும் முதலில் ஓடினது கழிவறைக்கு, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரண்டாம் நம்பர் கிரேனின் காலடியில் தணிகாசலம் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், கஃபூர் பாய் அவர் தோளைப் பிடித்து, நாளைக்குத் துறைமுகக் கேட்டுக்கு முன்னால் அத்தனை பேரும் உட்காருவோம், உங்கள் இரண்டு பேரையும் உள்ளே விடாமல் ஒரு பெட்டி நகராது என்று சொல்லிக்கொண்டிருந்தார், அண்ணன் அதைக் கேட்கிற மாதிரி தெரியவில்லை, தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, என்ன இழுக்காதன்னு தான சொன்ன நேத்து. இன்னாத்துக்கு நிறுத்தன?" அவர் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டார். "எடுத்துடலாம்னுதான் வந்தேன். சத்தியமா எடுத்துடலாம்னுதான் வந்தேன் பிலோ. கிட்ட வந்து உன்ன ஒரு தபா பாத்தேன். வேல போவப் போவுது, இந்தப் பொண்ணு கண்ணாடில மூஞ்ச வச்சினு என்னப் பாத்து சிரிச்சினு கீது. இதுக்கே பயம் இல்லியே, நமக்கு இன்னான்னு தோணிச்சு." கண்ணாடியில் அழுத்தின மூக்கு இன்னும் வலித்தது. "சிரிக்கலண்ணே," என்றேன். "அழுதுனு இருந்தேன். நல்லாவே அழுதேன்." அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி, மீசை நடுங்கியது, அப்புறம் அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், கஃபூர் பாய் என்னவென்று கேட்கிறார், சொல்ல முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வழியச் சிரிக்கிறார். "அடிப்பாவி, அழுவறன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏத்தியிருப்பேனே!"